இரண்டு மில்லிமீட்டர் பிசிறு

என் பட்டமளிப்பு விழாப் படத்தில் என் முகம் நேராக இருக்கிறது. கையில் சுருட்டிய காகிதம் இருக்கிறது. இடது தோளில் பெரியம்மாவின் தலை இருக்கிறது. பார்ப்பவர்கள் அவள் என்னைக் கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியின் தோள் தையலில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. படக்காரர் கையைத் தூக்கிய நொடியில் அது அவள் கண்ணில் பட்டது. கத்தரிக்கோலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் பல்லால் கடித்தாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம்.

"என்ன இப்போ? நூல் தெரியலை இல்ல?" என்பாள்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பத்தொன்பது வருடம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டினாள். தைக்கிறவர்களுக்கும் இஸ்திரி போடுகிறவர்களுக்கும் நடுவில் ஒரு வரிசைப் பெண்கள் நிற்பார்கள். சட்டையை உள்வெளியாகத் திருப்பி, தொங்குகிற ஒவ்வொரு நூலையும் நறுக்கி, திரும்பவும் நேராக்கி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். பார்க்கிறவனுக்கு அங்கே எதுவுமே தெரியக்கூடாது. அதுதான் வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம். பத்தொன்பது வருட உழைப்பைக் காட்டு என்றால் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் அதுதான் அவளுடைய பெருமை.

வீட்டுக்கு வந்தாலும் கை ஓயாது. துண்டின் ஓரம், துடைப்பத்தின் நுனி, நாட்காட்டித் தாள் கிழித்த இடம், என் நெற்றி முடி என்று எதையும் ஏற்ற இறக்கமாக விடமாட்டாள். பெரியப்பா ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் மீசை இரண்டு பக்கமும் அளந்து வைத்தது போலிருக்கும். தினமும் லிஃப்டில் ஏறுகிறவர்கள் அதை அவருடைய சாதனையாக நினைத்துப் பாராட்டுவார்கள். அவரும் மறுக்க மாட்டார்.

பிறகு தொழிற்சாலை ஊர் மாறியது. இயந்திரங்களை லாரியில் ஏற்றினார்கள். பெரியம்மாவை ஏற்றவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் வெட்டக்கூடிய எல்லாவற்றையும் வெட்டித் தீர்த்தாள். ஒருநாள் பெரியப்பா மீசையை மொத்தமாக எடுத்துவிட்டு வந்து நின்றார். பயந்து எடுத்ததாகத்தான் நாங்கள் நினைத்தோம். அவர் கடைசிவரை காரணம் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் பெரியம்மா தானாகவே போய் ஒரு மின்னணுப் பொருள் கடையில் வேலை கேட்டு வாங்கிவந்தாள். கடை கீழே, பேக்கிங் மேலே. படிக்கட்டு ஏறினால் நீளமான அறை, ஒரு ஜன்னல், ஒரு மேசை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான பெட்டிகளைக் கட்டுவது அங்கே வேலை. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, அதைக் கணினியோடு இணைக்கக் கேபிள் ஒன்று, பாகங்களைச் செருகிப் பார்க்க பிரெட்போர்டு ஒன்று. ரெசிஸ்டர் பத்து, எல்.இ.டி. ஐந்து, புஷ் பட்டன் இரண்டு, பஸ்ஸர் ஒன்று, ஒரு கட்டு வயர். இவை எல்லாம் தனித்தனி உறையில் போய், உறைகள் பெட்டியில் போய், பெட்டியின் மேலே "முதல் படி" என்ற ஒட்டுத்தாள் ஏற வேண்டும்.

பெரியம்மா ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிட்டாள். உடம்பில் வண்ண வளையம் போட்டிருக்கும் ரெசிஸ்டர் "வளையல்காரி" ஆனாள். பிரெட்போர்டு ஓட்டைப் பலகை. பஸ்ஸர் வாயாடி. மைக்ரோகன்ட்ரோலர் போர்டை மட்டும் மரியாதையாக "பெரியவர்" என்பாள், மற்ற எல்லாரும் அவர் சொல்லுக்குத்தான் எரிவார்கள், கத்துவார்கள் என்று முதலாளி சொல்லியிருந்ததால். புஷ் பட்டனுக்கு மட்டும் பெயர் மாற்றவில்லை. "சட்டைப் பட்டனுக்கு நாலு ஓட்டை, இதுக்கு நாலு கால். அவ்வளவுதானே வித்தியாசம்."

எனக்கு அங்கே வேலை கிடைத்ததும் அவளால்தான். மின்னணுவியல் படித்து முடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எழுதின தேர்வுகள், போன நேர்காணல்கள் எல்லாம் தலா ஒரு கோப்பில் இருந்தன. ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெரியம்மா முதலாளியிடம், "எங்க வீட்டுப் பொண்ணு இதையேதான் படிச்சிருக்கா சார்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் போய் நின்றேன்.

முதலாளி ஒரு தட்டை முன்னால் தள்ளினார். "இதெல்லாம் என்னன்னு தெரியுமாம்மா?"

தெரியும். நான்கு வருடத்தில் ஒவ்வொன்றையும் நூறு முறையாவது வரைந்திருக்கிறேன். முக்கோணம் போட்டு, அதன் நுனியில் ஒரு கோடு இழுத்து, வெளியே இரண்டு சின்ன அம்புக்குறி வைத்தால் எல்.இ.டி. தட்டில் இருந்ததற்கு முக்கோணமும் இல்லை, அம்பும் இல்லை. சிவப்பாக ஒரு குமிழ், அதன் கீழே இரண்டு கம்பிக் கால்கள். நான் யோசிப்பதைப் பார்த்துப் பெரியம்மா ஜன்னல் பக்கத்திலிருந்து, "குமிழ் விளக்கு" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். "எல்.இ.டி. சார்" என்றேன். முதலாளிக்குத் திருப்தி.

என் வேலை தாள் எழுதுவது. பெட்டிக்குள் போகும் விளக்கத்தாள் ஒன்று. பேக்கிங் மேசைக்கான வேலைத்தாள் ஒன்று. இரண்டையும் தமிழில் எழுத வேண்டும்.

எல்.இ.டி.யின் இரண்டு கால்களில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மாற்றிச் செருகினால் எரியாது. திருப்பிச் செருகினால் எரியும். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு இதுதான் முதல் பாடம். இதை நான் விளக்கத்தாளில் இரண்டு படத்தோடு அழகாக எழுதினேன்.

பெரியம்மாவுக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. வளையல்காரியின் கால்கள் ஒரே நீளம். பட்டனின் நான்கு கால்களும் ஒரே நீளம். குமிழுக்கு மட்டும் ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு உறையையும் குத்துகிறது. ஏழு மாதம் பொறுத்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொறுமை இருந்திருக்காது.

எட்டாவது மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நானூறு பெட்டிக்கு ஆர்டர் வந்தது. கடைக்கு அதுவரை வந்ததில் அதுதான் பெரியது. முதலாளி மாதிரிப் பெட்டியை என் கையால் கட்டச் சொல்லி, அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். நான் புது வேலைத்தாள் ஒன்று அச்சடித்தேன். பன்னிரண்டு வரி. கீழே முதலாளி கையெழுத்துப் போட்டார். பெரியம்மா அதைச் சுவரில் ஒட்டிவைத்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்து, பதினொரு நாளில் நானூறு பெட்டியையும் முடித்தாள்.

பெட்டிகள் போன அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பாதிப் பசங்களுக்கு விளக்கு எரியுது, பாதிப் பசங்களுக்கு எரியலை."

"நீளக் காலை பிளஸ்ல போடச் சொல்லுங்க டீச்சர். தாள்லயே இருக்கு."

"தாள்ல இருக்கு சார். விளக்குலதான் இல்லை. ரெண்டு காலும் ஒரே நீளம். நான் ஸ்கேல் வச்சே பார்த்துட்டேன். எரியறவன்லாம் தன்னை விஞ்ஞானின்னு நினைச்சுக்கறான். எரியாதவன்ல ஒருத்தன் அழுதுட்டான். நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"பார்க்கறேன்" என்று வைத்துவிட்டு, முதலாளி உடனே பொருள் அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டார். அவர் சத்தமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். எத்தனை வருடப் பழக்கம், இப்படிச் செய்யலாமா, நம்பிக்கை என்று ஒன்று இல்லையா என்றெல்லாம் கேட்டார். அந்தப் பக்கத்து ஆள் பொறுமையாக, "சார், உங்க கிட்ட மிச்சம் இருக்கற பாக்கெட் ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க" என்றார்.

பிரித்தோம். எல்லாக் குமிழுக்கும் ஒரு கால் நீளம்.

முதலாளி போனை மேசையில் வைத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பொதுவாக, யாரையும் பார்க்காமல், "அப்ப அந்த மிச்சக் கால் எங்க போச்சு?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றாள் பெரியம்மா. "எடுத்து வச்சிருக்கேன்."

மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வெட்டின நூலைச் சாயங்காலம் எடை போட்டு ஒப்படைப்பது வழக்கம். அந்தப் பழக்கம். மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே வெள்ளிக் குருணை போல இரண்டாயிரம் கம்பித் துண்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர். ஒன்றுகூட அளவு கூடவோ குறையவோ இல்லை. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒரு கணக்கு: வரிசையாக வைத்தால் நான்கு மீட்டர் வரும். படிப்பு சமயத்துக்கு இப்படித்தான் உதவுகிறது.

முதலாளி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா வெட்டச் சொன்னது?"

பெரியம்மா சுவரைப் பார்த்தாள். அங்கே என் வேலைத்தாள் ஒட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் ஏழாவது வரி ஞாபகம் வந்தது: "எல்.இ.டி. கால்களைச் சரிபார்த்து உறையிலிடவும்."

"யாரும் சொல்லலை சார். என் கைதான் சும்மா இருக்கலை."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். இதை எழுதும்போது, ஏதோ தொண்டை அடைத்தது என்று எழுதலாம். அடைக்கவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் வாங்க. அப்புறம் பார்ப்போம்" என்றார் முதலாளி. அவர் அகராதியில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். அன்று புதன்கிழமை.

சாயங்காலம் இருவரும் பேருந்தில் வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா வீட்டுச் சமையலறையில் அவள் கொத்தவரங்காயின் இரண்டு முனையையும் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏன் பெரியம்மா சொல்லலை? தாளைக் காட்டியிருக்கலாம்ல?"

"காட்டி? ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுல உக்காரவா? கொத்தவரங்கா இவ்வளவுதான் இருக்கு."

"சரிபார்க்கறதுன்னா சரி பண்றது இல்ல பெரியம்மா. சரியா இருக்கான்னு பார்க்கறது."

"அதான் பார்த்தேன். சரியா இல்லை. சரி பண்ணேன்." கத்தி நிற்கவில்லை. "ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. அதை யாராச்சும் சரின்னு சொல்வாங்களா?"

"செக் பண்றதுன்னு அர்த்தம்."

இப்போது கத்தி நின்றது. "அப்ப செக் பண்ணுன்னு எழுத வேண்டியதுதானேடி? கார்மென்ட்ஸ்ல செக்கிங் டேபிள்னு தனியா ஒண்ணே இருந்துச்சு. செக்கிங்னா கை வைக்கக்கூடாது, கண்ணால பார்த்து நகர்த்தணும். அது எனக்குத் தெரியாதா?"

முதலில் "செக் பண்ணி" என்றுதான் தட்டியிருந்தேன். படித்த பெண் எழுதினது மாதிரி இல்லையே என்று நினைத்து அழித்துவிட்டு, நல்ல தமிழில் மாற்றினேன். அந்த வரியைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. பின்னால் கூடத்தில் பெரியப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் பேச்சு முழுதும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

"இப்ப நானூறு பெட்டியையும் என்ன பண்றது?" என்றேன். "எது பிளஸ், எது மைனஸ்னு யாருக்கும் தெரியாது."

"ஏன் தெரியாது? மழிச்ச பக்கம் குட்டைக் கால்."

"என்ன மழிச்ச பக்கம்?"

"குமிழுக்கு அடியில வட்டமா ஒரு விளிம்பு இருக்குல்ல? ஒரு இடத்துல மட்டும் வட்டமா இருக்காது, மழிச்ச மாதிரி தட்டையா இருக்கும். குட்டைக் கால் எப்பவும் அந்தப் பக்கந்தான். துணிக்கு நல்ல பக்கம், உள் பக்கம் இருக்கற மாதிரி." என் முகத்தைப் பார்த்தாள். "உங்க காலேஜ்ல சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். நான் முக்கோணம் வரைந்துகொண்டிருந்திருப்பேன்.

"தெரிஞ்சும் ஏன் வெட்டினே?"

"அடையாளத்துக்குத்தான் அது இருக்கே, அப்புறம் கால் எதுக்கு நீட்டிக்கிட்டு இருக்கணும்னு நினைச்சேன்."

கூடத்திலிருந்து பெரியப்பா, "நியாயந்தானே" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் பெரியம்மா. ஆனால் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாகப் பத்துக் குமிழ்களை எடுத்து, பட்டன் பேட்டரியின் இரு முகத்திலும் கால்கள் படும்படி வைத்துப் பார்த்தேன். தட்டையான பக்கத்துக் கால் மைனஸில் பட்டபோதெல்லாம் எரிந்தது. திருப்பினால் இல்லை. பத்துக்குப் பத்து. ஒரு திருத்தத் தாள் எழுதினேன்: "விளக்கின் அடி விளிம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்துக் கால் மைனஸ்." முதலாளி அதைப் படமெடுத்து டீச்சருக்கு அனுப்பினார்.

மதியம் டீச்சர் போன் செய்தார். ஒரு பாட வேளையில் நாற்பது பெட்டியும் எரிந்துவிட்டதாம். அழுத பையன்தான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம்.

"இதான் சார் சரியான அடையாளம். கால் நீளத்தை நம்பினா, ஒரு தடவை வெட்டினதும் போச்சு. யார் எழுதினது இதை?"

"எங்க பொண்ணுதான் டீச்சர். இன்ஜினீயர்" என்றார் முதலாளி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிச்சவங்க படிச்சவங்கதாம்மா."

ஜன்னல் பக்கம் பெரியம்மா வளையல்காரிகளைப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்து தன் முக்காலியில் கட்டியிருந்த மெத்தையை அவிழ்த்து, மடித்துப் பைக்கு அருகில் வைத்திருந்தாள். சனிக்கிழமைக்காக. அந்த மெத்தையைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. நல்ல விடையாக எதுவும் வருவதில்லை.

"சார், அது நான் கண்டுபிடிச்சது இல்லை. பெரியம்மா சொன்னது. அதோட, வெட்டினதும் என்னாலதான்."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. சுவரிலிருந்த வேலைத்தாளை உரித்து எடுத்துவந்து ஏழாவது வரியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"சரிபார்த்து. சரியாத்தானே இருக்கு?"

"அதைச் சரி பண்ணச் சொல்றதா எடுத்துக்கிட்டாங்க சார். என் தப்பு. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

அவர் இன்னொரு முறை படித்தார். பார்வை பன்னிரண்டாவது வரிக்கு இறங்கியது. அதற்கும் கீழே இறங்கியது. அங்கே அவருடைய கையெழுத்து இருந்தது. பக்கத்தில் "படித்துப் பார்த்தேன்" என்று அவர் கைப்பட எழுதியிருந்தது.

பெரியம்மா எண்ணிக்கையை நிறுத்தவில்லை. உதடு ஏழு, எட்டு என்று அசைந்தது.

"எழுதினது நீ, வெட்டினது அவங்க, கையெழுத்து நான்" என்றார் முதலாளி. "மூணு பேரும் போயிட்டா கடையை யார் திறக்கறது?" தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுவருக்கு அது திரும்பவே இல்லை. படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னார்: "அக்கா, அந்த மெத்தையைக் கட்டுங்க. வெறும் முக்காலி உறுத்தும்."

இதோடு முடிந்திருந்தால் கதை ஒழுங்காக இருந்திருக்கும். அடுத்த மாதம் அதே பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் முந்நூறு பெட்டிக்கு ஆர்டர் வந்தது. கூடவே டீச்சரின் குறிப்பு ஒன்று: எல்.இ.டி. கால்களைப் போன முறை மாதிரியே ஒரே நீளமாக அனுப்பவும். பிள்ளைகள் தட்டைப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் நன்றாக மனதில் பதிகிறது.

முதலாளி அதைப் படித்துவிட்டு மேலே அனுப்பினார். பெரியம்மா என்னை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள்.

"அப்ப நான் பண்ணது தப்பு இல்லை?"

"அப்ப தப்பு. இப்ப இல்லை."

"ரெண்டுக்கும் கத்தரி ஒண்ணுதான்" என்று சொல்லி பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

நான் புது வேலைத்தாள் எழுத உட்கார்ந்தேன். ஆறு வரி தடையில்லாமல் வந்தது. ஏழாவது வரியில் விரல் நின்றது. கால்களைச் சமமாக வெட்டி உறையில் போடவும் என்று எழுதினேன். எட்டாவது வரி: பெட்டியில் எல்லாப் பொருளும் இருக்கிறதா என்று செக் பண்ணவும். படித்த பெண் எழுதினது மாதிரியே இல்லை. அச்சடித்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். பன்னிரண்டாவது வரிவரைக்கும் படித்தாள். அதற்கும் கீழே முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய காலி இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

"எந்தச் சரி பெரியம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்து, என் தாளின் ஓரத்தில் அச்சு இயந்திரம் கிழித்து வைத்திருந்த சின்னப் பிசிறை நறுக்கிவிட்டு, தாளைச் சுவரில் ஒட்டினாள்.